அமெரிக்க வாய்களுக்குத் தமிழ் பேசியவள்

நான் வேலையை விடுவதற்கு முந்தைய சில வருடங்களில் அமெரிக்கப் படங்கள் எங்கள் டப்பிங் தியேட்டருக்கு எப்படி வந்தன என்று சொன்னால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். திரை முழுக்கக் கறுப்பு. யார் பேச வேண்டுமோ அந்த ஆளின் வாய் மட்டும் ஒரு சின்ன வட்டத்துக்குள் தெரியும். யாராவது திருட்டுத்தனமாகப் படமெடுத்து வெளியே விட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. எதிரே நிற்பது பூதமா புருஷனா என்று தெரியாது. பின்னால் வீடு எரிகிறதா, மழை பெய்கிறதா என்பதும் தெரியாது. ஒரு வாய் திறந்து மூடும். நான் அதற்குத் தமிழ் பேசவேண்டும்.

அப்படி ஒரு நாள் ஒரு தாயாருக்குப் பேசி முடித்துவிட்டு வெளியே வந்தபோது, எங்களில் இளையவளான நிவேதா என்னை மடக்கினாள். "மூஞ்சியே தெரியலையேக்கா. அந்தம்மா அழுவுறாங்கன்னு உங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது?" வாயைப் பார்த்தாலே தெரியும் என்றேன். அது பதிலில்லை என்று சொல்லிவிட்டு, ஓய்வு பெற்றபின் இதை எழுதியே தீரவேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். எழுத உட்கார்ந்தபிறகுதான், அந்த ஒரு கேள்விக்குள் என் வேலைக்காலம் முழுவதும் இருக்கிறது என்று புரிந்தது.

என் பெயர் பிலோமினா. ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே கல்யாணமாகி, இன்றும் அங்கேயே இருப்பவள். அப்பா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம் போடும்போது திரைக்குப் பின்னால் நின்று சம்மனசுக்கு, அதாவது தேவதூதருக்கு, குரல் கொடுப்பேன். அதைக் கேட்ட ஒருவர், டப்பிங்குக்கு ஆள் சேர்த்துவிடுகிறவர், என்னைக் கோடம்பாக்கம் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச காலம் கும்பல் குரல்தான். கல்யாண வீட்டு இரைச்சல், சந்தை இரைச்சல், பஸ் கவிழ்ந்தால் அலறல். அந்தக் கதையை இத்தோடு விடுகிறேன். அமெரிக்கப் படங்களைத் தமிழில் பேசவைத்துத் தியேட்டர்களில் ஓட்டலாம் என்று கம்பெனிகள் கண்டுகொண்ட நேரத்தில் நான் அங்கே இருந்தேன். அது என் அதிர்ஷ்டம். செல்லத்துரை சாரிடம் போய்ச் சேர்ந்தது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம்.

செல்லத்துரை சார் எங்கள் டப்பிங் டைரக்டர். வசனம் எழுதுவதும் அவரே. குடும்பம் தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. ராயபுரத்துக்கு வடக்கே டோல்கேட்டில் அவருடைய அப்பாவுக்கு மொத்த மளிகைக் கடை இருந்தது. கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவர் என்பதால் ஆளைப் பார்க்காமல் குரலை வைத்தே வந்திருப்பது யார் என்று சொல்லிவிடுவார். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு டேக் சரியில்லை என்றால், "இன்னொரு தடவை போவோம்" என்பார். அதையே பத்தாவது முறை சொன்னாலும் குரலில் அலுப்பு இருக்காது. அந்த நிதானம்தான் எங்களுக்குப் பயம்.

அவருடைய முறை இது. முதலில் காட்சியை ஆங்கிலச் சத்தத்தோடு பார்க்கவேண்டும். பிறகு சத்தமே இல்லாமல் பார்க்கவேண்டும். சத்தமில்லாமல் பார்க்கும்போது யாரும் மூச்சுவிடக் கூடாத மாதிரி ஒரு அமைதி. அந்த வாய் எங்கே மூடுகிறது என்பதைத்தான் பார்ப்போம். ப, ம இரண்டுக்கும் உதடு மூடியே ஆகவேண்டும். திரையில் உதடு மூடும் இடத்தில் தமிழில் ப, ம வராவிட்டால், படிக்காதவர்களுக்குக்கூட ஏதோ ஒட்டவில்லை என்று தெரிந்துவிடும். அதனால் வசனத்தாளில் உதடு மூடும் இடங்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பார். பெண்கள் வளையல்களைக் கழற்றிவிட வேண்டும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை கூடாது, மைக்கில் சரசரக்கும். பட்டினியோடு வரக் கூடாது, வயிறு போடும் சத்தத்தை மைக் எடுத்துவிடும். இத்தனைக்கும் மேலே ஒரு சட்டம் எனக்கென்றே இருந்தது. மைக் முன்னால் ராயபுரம் வரக் கூடாது.

ஆரம்பத்தில் எனக்குத் தெரியாமலே வந்துவிடும். ஒரு இளவரசிக்குப் பேசும்போது "எங்க கீது" என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். சார் திட்டவில்லை. "இளவரசி காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகலையேம்மா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ரயில் பீச் ஸ்டேஷனைத் தாண்டியதும் நாக்கை மாற்றிக்கொள்வேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் பழைய நாக்கு வந்துவிடும்.

இந்த வேலையில் நான் அமெரிக்க சினிமாவைப் பின்னாலிருந்து முன்னுக்குப் படித்தேன் என்று சொல்லவேண்டும். எனக்கு முதலில் கிடைத்தவை கம்ப்யூட்டரில் செய்த ராட்சத மிருகங்கள் ஓடிவரும் படங்கள். அவற்றில் பெண்களுக்குப் பேச்சு குறைவு, அலறல் அதிகம். பிறகு ஒரு டிவி சானல் பழைய அமெரிக்கப் படங்களைத் தமிழில் போட ஆரம்பித்தது. மூட்டை மூட்டையாக வந்தன. ஒரு வாரம் குதிரைக்காரர்கள், அடுத்த வாரம் கறுப்பு வெள்ளைக் காதல். அவற்றைப் பேசப் பேசத்தான் அந்த நாட்டு சினிமா காலத்துக்குக் காலம் வாயை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது என்று கண்டுகொண்டேன்.

படம் பேச ஆரம்பித்த புதிதில் எடுத்தவற்றில் ஆட்கள் அசையவே மாட்டார்கள். மைக்கைப் பூந்தொட்டிக்குள் ஒளித்து வைத்திருப்பார்களாம். அதனால் எல்லாரும் பூந்தொட்டியைப் பார்த்தே காதல் செய்வார்கள் என்று சார் சொல்லுவார். எங்களுக்கு அது சுலபமான வேலை. அடுத்து வந்தவர்கள்தான் உயிரை எடுத்தார்கள். படக்கம்பெனிகள் எண்ணூர் பாக்டரிகள் மாதிரி இருந்த காலமாம் அது. நடிகர், எழுத்தாளர், தச்சர் எல்லாருக்கும் மாதச் சம்பளம், வாரத்துக்கு ஒரு படம் வெளியே வரும். அந்தப் படங்களில் பெண்கள் ஆண்களுக்குச் சரியாக, பட்டாசு மாதிரி பேசுவார்கள். ஆங்கிலத்தில் ஒரு மூச்சில் முடிவது தமிழில் இரண்டு மூச்சு நீளும். சார் வார்த்தைகளைச் சீவிச் சீவிக் கொடுப்பார். வாய்தான் அவ்வளவு துடுக்கு, ஆனால் படங்களுக்குக் கட்டுப்பாடு ஏகப்பட்டது. புருஷன் பெண்டாட்டிக்கே தனித்தனிக் கட்டில் போட்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பெண்களை ரொம்பப் பிடிக்கும். கட்டில்தான் தனி, பேச்சில் அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்து, ஜனங்கள் தியேட்டருக்கு வராமல் போனதும், திரையை அகலமாக்கினார்கள். அந்த அகலத் திரையில் பாலைவனம்தான் பெரிது, குதிரைக்காரனின் வாய் எறும்பு அளவு. அந்த வாயையும் அவன் திறக்க மாட்டான். அதே காலத்தில் இன்னொரு வகை நடிகர்கள் வந்தார்கள். கழுத்தைச் சொறிந்துகொண்டு, பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு பேசுவார்கள். விழுங்கிய வார்த்தைக்கு என்ன தமிழ் எழுதுவது என்று சார் தலையில் கைவைத்துக்கொள்வார். அதன்பின் தாடி வைத்த இளம் டைரக்டர்கள் காமிராவைத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். ஒரே சமயத்தில் நாலு பேர் பேசுவார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு அழுவார்கள், படம் சுபமாக முடியாது. நாங்கள் ஒரே மைக்கைச் சுற்றி முட்டி மோதிக்கொண்டு அதைப் பேசினோம். அடுத்து கோடை விடுமுறைக் கூட்டத்தைக் குறிவைத்து எடுத்த பிரம்மாண்டங்கள், அதன்பின் சதை முறுக்கிகள். கடைசியாக முகமூடி போட்ட வீரர்கள். முகமூடிக்கு வாயே இல்லை, எந்தத் தமிழும் ஒட்டும். அதனால்தானோ என்னவோ அவர்கள் பேசிய எதுவும் என் மனசில் ஒட்டவில்லை.

இப்போது, திரை கறுப்பாவதற்கு முந்தைய காலத்தில் வந்த ஒரு படத்துக்கு வருகிறேன்.

பெயர் வேண்டாம். அமெரிக்காவில் ஒரு துறைமுக ஊரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை தீப்பிடிக்கும் கதை. புதுப் படம், தியேட்டரில் வெளியிடுவதற்காக வந்தது. மணலி எண்ணெய் ஆலைகளை ஒட்டி வாழ்கிற எங்களுக்கு அந்தப் படத்தில் புதுமை எதுவும் தெரியவில்லை. இரவும் பகலும் எரியும் புகைபோக்கி, வரிசை கட்டி நிற்கும் டேங்கர் லாரி, காற்றிலேயே ஒரு நாற்றம் இருக்கும் என்று முகத்தைச் சுளித்துக்காட்டும் பெண்கள். எனக்குக் கிடைத்தது ஆலைத் தொழிலாளி ஒருவனுடைய தாயார் வேடம். படம் முழுக்கச் சேர்த்தே கொஞ்சம்தான் பேசுவாள். அவளுடைய இங்கிலீஷ் படித்தவர்கள் பேசும் இங்கிலீஷ் இல்லை. அந்த ஊர்த் துறைமுகத்துப் பேச்சு, வார்த்தையின் வால் எல்லாம் அறுந்திருக்கும். எங்கள் ஒலிப்பதிவு இன்ஜினியர் பாஸ்கருக்கே அது பாதி புரியவில்லை.

அவளுக்கு ஒரு காட்சி. தீ எரிகிறது. ஆலை வாசலில் ஜனங்கள் நிற்கிறார்கள். ஒரு அதிகாரி வந்து, உள்ளே இருந்தவர்கள் யாரும் வெளியே வரவில்லை என்கிறார். எல்லாரும் கதறுகிறார்கள். இவள் கதறவில்லை. கையில் மகனுடைய கம்பளிக் கோட்டு இருக்கிறது. அதை நீட்டி, அவனுக்குக் குளிர் ஆகாது, இதை அவனிடம் கொடுத்துவிடுங்கள் என்கிறாள். அவ்வளவுதான். அவள் முகம் திரை நிறைய இருக்கும். கடைசி வார்த்தையில் உதடு மூடும். மூடிய உதடு திறக்காது.

அந்த மூடிய உதடுதான் எங்களைப் படுத்தி எடுத்தது. சார் முதலில் எழுதியது, "இதை அவனிடம் கொடுத்துவிடுங்கள்." கடைசியில் வாய் திறந்து நிற்கிறது, ஒட்டவில்லை. "கொடுத்துவிடுங்கள், போதும்" என்று மாற்றினார். உதடு மூடியது, ஆனால் அவள் கோபித்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. பிறகு "தயவுசெய்து இதைக் கொடுக்கவும்." உதடு கச்சிதமாகப் பொருந்தியது. கேட்டால் ஆபீஸ் சுவரில் ஒட்டிய அறிவிப்பு மாதிரி இருந்தது. நானும் அழுது பார்த்தேன், அழாமல் பார்த்தேன். கம்பெனி சார்பாக பம்பாயிலிருந்து வந்திருந்த அம்மாள் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் தெரியாது என்றாலும், எதுவும் நடக்கவில்லை என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

சார் பென்சிலைக் கீழே வைத்தார். "உங்க தெருவுல ஒரு அம்மா இதை எப்படிக் கேப்பாங்க, பிலோமினா?" என்றார்.

இத்தனை வருடமாக வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்ததை அவரே உள்ளே கூப்பிடுகிறார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மைக் முன்னால் போய், இடுப்பில் கை வைக்காத குறையாக, நீட்டி முழக்கிச் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாஸ்கர் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பம்பாய் அம்மாள் பதறிப்போய், ஏன் அவர் சிரிக்கிறார் என்று கேட்டாள்.

சார் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க இப்பப் பேசினது சினிமாவுல வர்ற ராயபுரம். நான் கேட்டது உங்க ராயபுரம்."

அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. எங்கள் பேச்சைத் திரையில் எப்போதும் சிரிப்பதற்காகத்தான் வைப்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, நானே என் பேச்சைக் கேலிக்காரர்கள் பேசும் மாதிரி பேசியிருக்கிறேன். வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். அப்போது அம்மா ஞாபகம் வந்தது.

எனக்குக் கல்யாணமாவதற்கு முன்பு, கப்பலிலிருந்து இறக்கிய சரக்கு சங்கிலி அறுந்து அப்பா மேல் விழுந்தது. பெரியாஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அங்கே வேலை பார்க்கும் ஆள் வந்து விஷயத்தைச் சொன்னான். என் அத்தைகள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டில் பாத்திரம் கேட்கிற குரலில், "அவுரு செருப்பு எங்க கீது?" என்றாள். அவன் அத்தைகள் பக்கம் பார்த்தான். "எடுத்தாந்து குட்துடு நைனா, ம்?" என்றாள். வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே ஒரு "ம்". குழந்தையைச் சோறு தின்னச் சொல்லி இறைஞ்சும்போது வருமே, அந்த "ம்". அதன்பின் அம்மா நெடுநேரம் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே போய் சாரிடம், உதடு மூடும் இடத்தில் வார்த்தையே வேண்டாம் என்றேன். அவர் வசனத்தாளில் கடைசி வார்த்தையை அடித்தார். காட்சியை மறுபடி ஓடவிட்டார். நான் அந்தப் பெண்ணின் வாயை மட்டும் பார்த்தேன்.

"அவனுக்குக் குளுரு ஆவாது. இத்த அவன்கிட்ட குட்துடு நைனா, ம்?"

உதடு மூடியது. காட்சி முடிந்தும் பாஸ்கர் டேப்பை நிறுத்தவில்லை. சார் அவனைப் பார்க்கத் திரும்பினார். அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகுதான் சண்டை. பம்பாய் அம்மாள் நல்லவள்தான், ஆனால் அவளுக்கு மேலே ஆட்கள் இருந்தார்கள். சென்னையின் ஒரு பகுதிப் பேச்சை வைத்தால் வெளியூரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், சோகக் காட்சியில் ஒருவர் சிரித்துவிட்டால் படமே போய்விடும் என்று போன்மேல் போன் வந்தது. சார் தன் வழக்கப்படி நிதானமாகவே பேசினார். அதிகாரிகள் எல்லாரும் படித்தவர்களின் தமிழைப் பேசட்டும், வாசலில் நிற்கும் ஜனங்கள் மட்டும் இப்படிப் பேசட்டும், அமெரிக்காவிலும் அப்படித்தானே எடுத்திருக்கிறார்கள் என்றார். கேலிக்கென்றே பேர்போன வார்த்தைகள் ஒன்றுகூட இருக்காது, எல்லாவற்றையும் தானே எடுத்துவிட்டதாகச் சொன்னார். அதுவும் உண்மை. பேஜாரு, கலீஜ் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, சத்தம் போடாத வார்த்தைகளை மட்டும்தான் விட்டுவைத்திருந்தார். கடைசியில், தியேட்டர் சிரித்தால் இனி இந்தக் கம்பெனியின் படம் எதற்கும் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு அந்தக் கம்பெனிதான் சோறு. எனக்கும் அதேதான்.

பம்பாய் அம்மாள் போனை எடுத்தாள். தமிழ் தனக்குப் புரியவில்லை, ஆனால் முதல் தடவை சிரித்த அதே ஆள் இரண்டாம் தடவை டேப்பை நிறுத்த மறந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக மேலிடத்துக்குச் சொன்னாள். காட்சி அப்படியே போனது.

அந்தப் படத்துக்குப் பிறகு என்னை அம்மா வேடங்களுக்கென்றே தேடி வந்தார்கள். மேடையில் ஏற்றி மாலை போட்டிருக்கிறார்கள். செல்லத்துரை சார் காலமானபோது அவர் வீட்டில் நிறையப் பேர் எனக்கு வணக்கம் சொன்னார்கள், என்னைப் பற்றி அவர் சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தார். எல்லாம் சந்தோஷம்தான். ஆனாலும் என் வேலைக்காலத்தில் நான் நெஞ்சை நிமிர்த்திய இடம் எது என்று கேட்டால், அந்தப் படம் வெளிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்லுவேன்.

காலைப் பூசை முடிந்து, என் வீட்டுக்காரரையும் கூப்பிடாமல், எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் மத்தியானக் காட்சிக்குத் தனியாகப் போனேன். யாராவது சிரித்தால் வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்பதுதான் காரணம். கூட்டம் நெரிந்தது. மணலிக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் கும்பலாக வந்திருந்தார்கள். தீப்பிடித்ததும் விசில் பறந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு நடுவயதுப் பெண், சடையங்குப்பத்திலிருந்து தங்கச்சியோடு வந்திருந்தாள். படம் ஆரம்பித்ததிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கும் மணலியில்தான் வேலையாம்.

ஆலை வாசல் வந்தது. அந்த வெள்ளைக்காரத் தாயாரின் முகம் திரை நிறைய வந்தது. "இத்த" என்ற வார்த்தைக்கு முன்வரிசையில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். தொலைந்தோம் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பு இன்னொருவனிடம் போய்ச் சேருவதற்குள் "ம்?" வந்துவிட்டது. தியேட்டர் அப்படியே அடங்கியது. விசிலடித்தவன், முறுக்கு தின்றவன், சிரித்த அந்த ஆள், எல்லாருமே அடங்கினார்கள். பக்கத்திலிருந்த பெண்ணும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

காட்சி மாறிய பிறகும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்சநேரம் கழித்து என் பக்கம் சாய்ந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"இன்னாக்கா, அந்தம்மா எந்தப் பக்கம்? நம்ம ஏரியா மாதிரியே கீதே" என்றாள்.

"ராயபுரம்" என்றேன்.